மணி அடித்த வரிகள்

"அவன் உப்பு வாங்க மறந்துவிட்டான்."

இந்த வரிக்குக் கீழே
ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு பென்சில் கோடு.
எனக்கு முன்னால் படித்த யாரோ போட்டது.
ஒரு வாரம் இதையே யோசித்தேன்.
சத்துவாச்சாரியிலிருந்து கிரீன் சர்க்கிள் போகும்வரை
வண்டியின் பின்சீட்டில் உப்பு உட்கார்ந்து வந்தது.
உப்பென்றால் நன்றியா,
வியர்வையா, ரத்தக் கொதிப்பா?
கடையில் எழுபது பக்க ஜெராக்ஸை
எழுபதும் தலைகீழாக எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் ஞாயிறு
கோட்டை அகழி ஓரத்துப் புல்லில் கூடுகிறோம்.
ஐந்து பேர். மழை வந்தால் மூன்று.
தலைவர் கிடையாது, ரசீது கிடையாது,
சுண்டல் உண்டு.

உப்பை நடுவில் வைத்தேன்.

"ஆழமான இடம் அது" என்றார் முனிரத்தினம்.
ஒடுகத்தூர் பஸ்ஸில் கண்டக்டர்.
இரவு கடைசி டிரிப் முடிந்து
வண்டி அங்கேயே நிற்கும்போது
பின்னால் நீளும் சீட்டில் படுத்துப் படிப்பவர்.
அடையாளத்துக்கு டிக்கெட் வைப்பார்.
அணைக்கட்டு, பதினேழு ரூபாய்
என்ற இடத்தில்தான் கதாநாயகி அழத் தொடங்குகிறாள்.

அன்வர் பாட்சா பேசவில்லை.
மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பு.
அவர் வீட்டில் ஓர் இரவு தங்கிய புத்தகம்
சுண்ணாம்பு வாசனையோடு திரும்பும்.
கிழிந்த அட்டைக்கு
வெட்டி எறிந்த ஆட்டுத்தோலைத் தைத்துத் தருவார்.
உள்ளே சுமாரான நாவல்,
வெளியே ஏற்றுமதித் தரம்.

நர்கீஸ் சிரித்தாள்:
"கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்,
உப்புக்கு அங்கே பதில் இருக்கும்."
அவள் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவாள்.
முடிவு தெரியாமல் கதைக்குள் போவது
திரும்பி வர வண்டி உண்டா என்று கேட்காமல்
காட்பாடியில் ஏறுவது மாதிரியாம்.
மே மாதத்தில் அவள் படிக்கும் இடம்
குளியலறைத் தரை.
வேலூரில் வேறெங்கே
முதுகு சாய்க்க முடியும்?

ஹெப்சிபா தாமதமாக வந்தாள்.
ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து
தூங்காத கண்களோடு.
கோட்டைப் பார்த்தாள்.
"ஐயோ, இது நான் போட்டது.
வார்டில் படிக்கும்போது மணி அடித்தால்
நிறுத்திய வரியில் ஒரு கோடு.
திரும்பி வந்து தேடக் கூடாதில்லையா."

"அப்போ உப்பு?"
"உப்பெல்லாம் தெரியாது.
யாருக்கோ டிரிப் தீர்ந்திருக்கும்."

அகழித் தண்ணீரில்
எதுவோ துள்ளி விழுந்தது.

இரண்டு வருடமாக அவள் கோடுகளைத்தான்
நல்ல வரிகள் என்று
நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.
முனிரத்தினம் அதிலொன்றை
மைத்துனிக்கு எழுதிச் சண்டையைத் தீர்த்தார்.
அன்வர் பாட்சா தங்கையின் கல்யாணப் பத்திரிகையில்
மேலே, நடுவில், தங்க எழுத்தில்:
"விளக்கு வைக்க அங்கே இடம் இருந்தது."

அவர் மெதுவாகக் கேட்டார்:
"அந்த விளக்கு வரியும் மணிதானா?"

ஹெப்சிபா யோசித்தாள்.
"அன்றைக்குப் பதினோராம் பெட்..."
அதற்கு மேல் சொல்லவில்லை.
சுண்டல் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"நல்ல வரிதான் அது" என்றாள்,
வாயில் கடலையோடு,
கொஞ்ச நேரம் கழித்து.

யாரும் நோட்டைக் கிழிக்கவில்லை.

நேற்று ராத்திரி நான் படிக்கும்போது
கரண்ட் போனது.
படித்த இடத்தில் விரலை ஊன்றியபடி
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கொசு கடித்தது. விரலை எடுக்கவில்லை.
வெளிச்சம் வந்ததும் பார்த்தால்:

"பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள்."

பென்சிலைத் தேடி எடுத்துக்
கோடு போட்டேன்.

அடுத்து இது நர்கீஸ் கைக்குப் போகிறது.
குளிர்ந்த தரையில் உட்கார்ந்து
யோசிக்கட்டும்.